வெள்ளச்சிக்கு வசனம் இல்லை

தம்பி மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் வேடம் கிடைத்தது. வேலு நாச்சியார் நாடகம். நாச்சியார் வேடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நாச்சியாரின் மகள் வெள்ளச்சி. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் உண்டு. ராணியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நான்கு காட்சிகளில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒத்திகைக்குப் போய்வந்த அன்று பட்டாலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அயித்தை, எனக்கு வசனமே இல்லை" என்றாள்.

"வெள்ளச்சிக்கு வரலாற்றிலேயே வசனம் கிடையாது ஆத்தா" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாகச் சொன்னதுதான். சொன்ன பிறகு அது எனக்கே உறுத்தத் தொடங்கிவிட்டது.

செட்டிநாடு என்று நாம் இன்று சொல்லும் ஊர்களில் பெரும்பகுதி பழைய சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தது. மீதி புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை. அதனால் சிவகங்கை அரச குடும்பத்துக் கதைகள் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதைகள் மாதிரி. குன்றக்குடி மலைக்குப் போனால் மருது சகோதரர்களின் சிலைகளைப் பார்க்கலாம். பெரிய மருதுவுக்கு ராஜபிளவை என்ற கட்டி வந்தபோது காடன் செட்டியார் திருநீறு பூசிக் குணமானது, அதற்கு நன்றியாக மருதுகள் குன்றக்குடியில் திருப்பணி செய்தது என்று வாழையடி வாழையாகச் சொல்லும் கதை உண்டு. காளையார்கோவில் கோபுரம் மருதுகள் பேர் சொல்லும். வேலு நாச்சியாருக்கு 2008இல் அஞ்சல் தலை வந்தது. 2014இல் சிவகங்கை சூரக்குளத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். உடலில் தீயேற்றிக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகச் சொல்லப்படும் குயிலிக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட உடையாள், கொல்லங்குடி அருகே அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளியாகவே நிற்கிறாள். தன் தாலியைக் கழற்றி நாச்சியார் அங்கே முதல் காணிக்கை செலுத்தினார் என்பது ஊர் நம்பிக்கை. நியாயம் கிடைக்காதவர்கள் இன்றைக்கும் அந்தச் சன்னதியில் காசு வெட்டிப் போடுகிறார்கள்.

எந்தப் பெண் குழந்தையைக் காப்பாற்றத் தாய் ஓடினாளோ, எந்தப் பெண்ணின் பேரால் சீமை மீண்டதோ, அந்த வெள்ளச்சி நாச்சியாருக்கு ஒரு சிலையை நான் எங்கும் பார்த்ததில்லை. சிவகங்கை ஆட்சியாளர் பட்டியலில் மட்டும் தாய்க்கும் கணவனுக்கும் நடுவே ஒரு வரி: 1790 முதல் 1793 வரை.

அந்த ஒரு வரியின் அர்த்தம் பிடிபட, சிவகங்கை பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

முதலில் இருந்தது ராமநாதபுரம். சேதுபதிகளின் நாடு. 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரண்மனைப் பெண்ணாகப் பிறப்பதும் வாழ்க்கைப்படுவதும் அந்தக் காலத்தில் என்ன விலைக்கு வந்தது என்பதற்கு இந்த எண்ணிக்கை ஒன்றே போதும். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் விஜய ரகுநாத சேதுபதி. அவருடைய பெண்மக்கள் இருவரைப் பற்றி ராமேஸ்வரம் தீவில் ஒரு செவிவழிக் கதை உண்டு. இருவரையும் ஒரே ஆளுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பாம்பன் பக்கம் அதிகாரம். அவர் யாத்திரைக்கு வரும் சனங்களிடம் முறைகெட்டு வரி தண்டினார் என்று புகார் வந்தது. சேதுவுக்கு வருபவரைக் காப்பதே சேதுபதி என்ற பட்டத்துக்கு அர்த்தம். மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை கொடுத்தார். பெண்மக்கள் இருவரும் கணவனோடு தீயில் இறங்கினார்கள். அக்காள் இறங்கிய இடம் அக்காள்மடம், தங்கை இறங்கிய இடம் தங்கச்சிமடம். ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் படித்திருப்போம். நீதி தவறாத ராஜா என்று கதை அப்பனைப் புகழும். பெண்மக்களின் பெயரைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

அதே சேதுபதிக்கு இன்னொரு மகளும் உண்டு, பட்டத்து ராணி வயிற்றில் பிறக்காத அகிலாண்டேஸ்வரி நாச்சியார். அவரை நாலுகோட்டைப் பாளையக்காரர் மகன் சசிவர்ணத் தேவருக்குக் கட்டிக்கொடுத்தார். சீதனம் என்ன தெரியுமா? 1000 வீரர்களை வைத்துப் பராமரிக்கப் போதுமான நிலம், வரி இல்லாமல்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் சட்டென்று விளங்கும். வெள்ளி ஒரு வரிசை, பித்தளை ஒரு வரிசை, மங்குச் சாமான், ஜாடி, எவர்சில்வர் என்று வளவு முழுக்கப் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொன்றும் சிட்டையில் ஏறும். எங்கள் அப்பத்தாவின் சிட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது, ஓரம் கறையான் தின்ற நீள நோட்டு. அதில் ஈயச்சொம்பு 3 என்ற வரியின் பக்கத்தில் பென்சிலால் '1 நசுங்கல்' என்று குறித்திருக்கும். நசுங்கினாலும் சொம்பு அப்பத்தாவுடையதுதான். பெண்ணோடு வந்த பொருள் பெண்ணுக்கு. சீதனப் பணத்தைக் கடையில் வட்டிக்குப் போட்டுத் தாங்களே கணக்குப் பார்த்த ஆச்சிமார்களைப் பற்றி எங்கள் ஊர்களில் கதை கதையாகச் சொல்வார்கள்.

அரண்மனைச் சீதனத்துக்கு இந்த விதி கிடையாது. 1000 வீரர்களும் நிலமும் போனது சசிவர்ணத் தேவருக்கு. விஜய ரகுநாதருக்குப் பின் பவானி சங்கரன் பட்டத்தைப் பிடித்தான். அவனால் விரட்டப்பட்ட சசிவர்ணரும் சேதுபதி வம்சத்துக் கட்டயத் தேவரும் தஞ்சாவூர் மராத்தியப் படையைத் துணைக்குக் கூட்டிவந்து அவனைத் தோற்கடித்தார்கள். நாட்டைப் பங்கு போட்டார்கள். பாம்பாற்றுக்கு வடக்கே தஞ்சைக்கு. மீதியை ஐந்து கூறாக்கி மூன்று கட்டயத் தேவருக்கு, இரண்டு சசிவர்ணருக்கு. 1730ஐ ஒட்டிப் பிறந்தது சிவகங்கைச் சமஸ்தானம். காட்டில் நாவல் மரத்தடியில் தவமிருந்த சாத்தப்பையா என்ற முனிவர் சசிவர்ணருக்கு ஆசி சொன்னார், அங்கிருந்த ஊற்றின் பெயர்தான் சிவகங்கை என்று ஸ்தல வரலாறு. ஊற்றும் முனிவரும் நினைவில் நின்றுவிட்டார்கள். ஆனால் நாலுகோட்டைக்காரருக்குச் சேதுநாட்டில் பங்கு கேட்கும் தகுதி வந்தது சேதுபதி மகளைக் கட்டியதால். சிவகங்கைச் சீமை ஒரு மகளின் வழியாக வந்த சொத்து.

இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. மறவர் குலத்தில் கிளை என்பது தாய்வழி வருவது. பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள். பட்டத்துக்கு வாரிசு இல்லாதபோது உடன்பிறந்தாள் மகனும் மகளின் கணவனும் முன்னால் வந்து நிற்பது சேதுநாட்டில் சாதாரணம். பெண்ணில்லாமல் உரிமை நகராது. ஆனால் உரிமை பெண்ணிடம் தங்கவும் தங்காது. வேலு நாச்சியாரே இதற்குச் சாட்சி. அவர் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகள். வாள், சிலம்பம், குதிரையேற்றம் எல்லாம் ஆண்பிள்ளை போலக் கற்றுக்கொடுத்து வளர்த்தார்கள். தகப்பனார் இறந்தபோது ராமநாதபுரம் பட்டம் போனதோ உடன்பிறந்தாள் மகனான கைக்குழந்தை முத்துராமலிங்கத்துக்கு. நாச்சியார் ஏற்கெனவே சசிவர்ணரின் மகன் முத்து வடுகநாதத் தேவருக்கு மனைவியாகச் சிவகங்கையில் இருந்தார். அவர்கள் மகள் வெள்ளச்சி.

1772 ஜூன் மாதம் இரண்டு சீமைகளும் ஒரே மூச்சில் விழுந்தன. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கப்பம் வேண்டும். அவர் கிழக்கிந்தியக் கும்பெனியிடம் பட்ட கடனை அடைக்கப் பாளையங்கள் வேண்டும். மாதத் தொடக்கத்தில் ராமநாதபுரம் கோட்டை பிடிபட்டது. பத்து வயதுச் சேதுபதியையும் தாயையும் உடன்பிறந்தவர்களையும் திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள். ஜெனரல் ஸ்மித் ஒரு பக்கமும் பாஞ்சோர் இன்னொரு பக்கமுமாகப் படை சிவகங்கைக்குத் திரும்பியது. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் காளையார்கோவிலில் இருந்த முத்து வடுகநாதர், ஜூன் 25 அன்று கொல்லப்பட்டார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அவரோடு மடிந்தார் என்பார்கள். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று நவாப் புதுப்பெயர் வைத்தார்.

வேலு நாச்சியார் அப்போது கணவனோடு இல்லை. கிழவன் சேதுபதி காலத்து வழக்கம் என்றால் அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தீயில் இறங்கவில்லை. பிரதானி என்ற தலைமை அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் துணையோடு மகளைக் கூட்டிக்கொண்டு மேற்கே போனார். போரைப் பற்றிய கதைகளில் இதை வீரத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. ஆண் வாரிசு கிடையாது. ராஜா இறந்தாயிற்று. ராணிக்கு இனிப் பிள்ளை பிறக்கப் போவதில்லை. சிவகங்கை வம்சம் என்று சொல்ல மீதி இருந்தது இந்தச் சிறுமி ஒருத்திதான். அவள் உயிரோடு வெளியே இருக்கும்வரை நவாப் வைத்திருப்பது பறித்த நாடு. அவள் கோட்டைக்குள் சிக்கினாலோ காட்டில் காய்ச்சலில் போனாலோ அது நவாபின் நாடாகவே ஆகிவிடும். ராமநாதபுரத்துப் பிள்ளைகள் திருச்சிச் சிறையில் கிடந்தது கண்முன்னால் இருந்தது. வெள்ளச்சிக்கும் அதே கதி வரக்கூடாது என்றுதான் அந்த ஓட்டம்.

போய்ச் சேர்ந்த இடம் விருப்பாச்சி, ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் பாதையில் மலையடிவாரத்து ஊர். சிவகங்கையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்குப் பஸ்ஸில் போனாலே இடுப்பு கழன்றுவிடும். கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். பக்கத்தில் திண்டுக்கல் கோட்டை ஐதர் அலியின் கையில். 1772 டிசம்பர் 8 தேதியிட்டு நாச்சியார் சார்பில் தாண்டவராய பிள்ளை ஐதருக்கு ஒரு கடிதம் எழுதினார்: 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும் கொடுத்தால் சீமையை மீட்போம் என்று. அடுத்த வருஷமே தாண்டவராய பிள்ளை காலமாகிவிட்டார். படை வரவில்லை. ஐதரை நாச்சியார் நேரில் பார்த்து உருதுவில் பேசி அசத்தினார் என்ற கதை மேடைகளில் கைத்தட்டல் வாங்கும். அதற்குப் பிறகும் படை உடனே வந்துவிடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தார்கள்.

நாடகத்தில் இந்த எட்டு வருஷம் ஒரு நிமிஷம். திரை மூடித் திறந்தால் 'எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு குரல். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில்தான் மனம் நிற்கிறது. வாள் பிடித்த நாச்சியாருக்கு அந்த எட்டு வருஷம் ஏற்பாடு செய்யும் காலம். ஆள் சேர்ப்பது, ஓலை அனுப்புவது, உடையாளின் பெயரில் பெண்கள் படை அமைத்தது என்று கதை சொல்ல ஏதாவது இருக்கிறது. அந்தச் சிறுமிக்கு அது முழுப் பிள்ளைப்பருவம். சீமை என்பது பார்த்த நினைவு கொஞ்சம், தாய் சொல்லக் கேட்டது மீதி. சுற்றிலும் தெலுங்கு பேசும் நாயக்கர் அரண்மனை. வாழும் வீடு அடுத்தவர் வீடு. என்றைக்கு யார் காட்டிக்கொடுப்பார் என்ற பயம். பூப்பெய்தினால் செய்ய வேண்டிய தாய்வழிச் சீருக்குத் திருச்சிச் சிறையிலிருந்து யார் வருவார்? பெண் வளர வளர அவளைக் கட்டப்போவது யார் என்ற பேச்சும் வளர்ந்திருக்கும். இந்தப் பெண்ணைக் கட்டுபவன் சீமையைக் கட்டுகிறான் அல்லவா.

1780இல் ஐதர் கர்நாடகத்தின் மேல் பாய்ந்தார். நவாபுக்கும் கும்பெனிக்கும் கை கட்டிப்போன நேரம். ஐதரின் உதவியோடு நாச்சியார் சீமைக்குள் புகுந்து சிவகங்கையைப் பிடித்தார். கப்பம் கட்டும் உடன்பாட்டோடு நவாபும் இறங்கிவந்தார். நாச்சியார் ஆட்சி, சின்ன மருது பிரதானி, பெரிய மருது தளபதி. கதைகள் பெரும்பாலும் இங்கே மங்களம் பாடிவிடும். விஜயதசமி, வெற்றிக்கொடி, திரை.

வெள்ளச்சியின் கஷ்டம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைச் சொல்ல நம் ஊரில் யாருக்கும் அவ்வளவாக மனம் வராது. காரணம், இங்கே வில்லன் வெள்ளைக்காரன் மட்டுமில்லை. நாம் கும்பிடுகிறவர்கள் இருவரும் இரண்டு பக்கம் நிற்கிறார்கள்.

ஆட்சி ராணி பெயரில், நிர்வாகம் மருதுகள் கையில். காடு, கோட்டை, படை, வசூல் எல்லாம் அவர்கள் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். செட்டிநாட்டுக் கோவில்களில் அவர்கள் செய்த கட்டளைகள் இன்றும் பேசப்படுகின்றன. 1783இல் பாக்கித் தொகை கேட்டுக் கர்னல் புல்லர்ட்டன் படையோடு வந்தபோது மருதுகள் காளையார்கோவில் காட்டுக்குள் ஒதுங்கிப் பேசி, பணம் கட்டிச் சமாளித்தார்கள். சீமை அவர்களை நம்பித்தான் நின்றது. ஆனால் ராணிக்கு வயது ஏறுகிறது. அடுத்து யார்? மருதுகள் மறவர் அரச கிளையைச் சேர்ந்தவர்கள் அல்ல, அரியணையில் உட்கார முடியாது. அரியணைக்கு வழி மறுபடியும் ஒரே ஒரு வாசல்: மகள்.

படமாத்தூர் கௌரிவல்லபத் தேவரை வாரிசாக்க வேலு நாச்சியார் நினைத்தார் என்பது ஒரு தரப்பு வழக்கு. பெண்பிள்ளை மட்டும் உள்ள வீட்டில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நகரத்தார் வழக்கம். வேறு குலமானாலும் நாச்சியார் நினைத்ததும் கிட்டத்தட்ட அதுதான். மருதுகளுக்கு அது ஒப்பவில்லை. சக்கந்தி வேங்கன் பெரிய உடையாத் தேவரை அவர்கள் முன்னிறுத்தினார்கள். ராணியும் பிரதானியும் இரண்டு கட்சியானார்கள். 1789இல் நவாபின் கும்பெனிப் படை மறுபடி வந்தது, இந்தத் தடவை ராணிக்கு ஆதரவாக, மருதுகளுக்கு எதிராக! 17 வருஷத்துக்கு முன் புருஷனைக் கொன்ற அதே படை. காளையார்கோவில் பிடிபட்டது, மருதுகள் மேற்கே போனார்கள், கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தார்கள். கடைசியில் ராசி. வெள்ளச்சிக்கும் வேங்கன் பெரிய உடையாத் தேவருக்கும் கல்யாணம், மருமகனுக்கு ஆட்சி. கௌரிவல்லபர் மருதுகளின் காவலிலிருந்து தப்பிப் புதுக்கோட்டைத் தொண்டைமானிடம் அடைக்கலம் போனார்.

இரண்டு கட்சியும் பொருதிய அந்த வருஷங்களில் மகளின் விருப்பம் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கும்பெனிக் கடிதங்களில் மருதுகள் பேசுகிறார்கள், ராணி முறையிடுகிறார், நவாப் கோபப்படுகிறார். வெள்ளச்சி 'ராணியின் மகள்' என்ற அளவில் வந்துபோகிறார். அப்பத்தாவின் சிட்டையில் நசுங்கின சொம்புக்காவது ஒரு குறிப்பு இருந்தது.

1790 முதல் 1793 வரை என்ற அந்த வரிக்கு வந்துவிட்டோம். மூன்று வருஷம் பட்டத்தில் பெயர். அதன் பிறகு பட்டியலில் கணவர் பெயர் மட்டும் தனியாக. தாயின் மறைவு நாளிலும் ஒருமித்த கருத்து இல்லை. 1790ஐ ஒட்டி என்று மாவட்ட வரலாறு சொல்லும், 1796 டிசம்பர் 25 என்று குருபூசை எடுப்பவர்கள் சொல்வார்கள். 1793 மகள் இறந்த வருஷம், பின் சொன்னதும் சரி என்றால் எட்டு வருஷம் காட்டிலும் மலையிலும் கட்டிக்காத்த மகளை நாச்சியார் தன் கையாலேயே அனுப்பிவைத்திருக்கிறார். கணவனை இழந்த ராணிக்கு மண்டபம் உண்டு. மகளை இழந்த தாயை எந்த நாடகத்திலும் நான் பார்த்ததில்லை.

வேங்கன் பெரிய உடையாத் தேவருக்கும் ஆட்சி பெயரளவில்தான். 1801 போரில் மருதுகள் தோற்று, அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அந்தக் கப்பலில் சின்ன மருதுவின் 15 வயது மகன் துரைச்சாமியும் இருந்தார், வெள்ளச்சியின் கணவரும் இருந்தார். வேங்கன் பெரிய உடையாத் தேவர் திரும்பவே இல்லை.

புதுக்கோட்டையில் காத்திருந்த கௌரிவல்லபரைக் கூட்டிவந்து கும்பெனி ஜமீன்தாராக உட்கார வைத்தது. 1803இல் சன்னது என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. தாய் தேர்ந்த வாரிசின் கட்சி, தாயும் மகளும் இல்லாத காலத்தில் ஜெயித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தச் சீமையின் மகள் கதை இதோடு முடியவில்லை. அடுத்த தலைமுறையில் ஒரு மகள் வாயைத் திறந்தாள், அதுவும் சுமார் முப்பது வருஷம் நீண்ட வழக்கில்.

கௌரிவல்லபர் 1829 ஜூலையில் இறந்தார். கட்டிய மனைவியர் ஏழு பேர், அப்போது உயிரோடிருந்தவர்கள் மூவர். பெண்மக்கள் உண்டு, ஆண்வாரிசு இல்லை. அவருடைய அண்ணன் மகன், 'கூட்டுக் குடும்பம், ஆண் வழிக்குத்தான் ஜமீன்' என்று சொல்லிச் சிவகங்கை அரண்மனையில் உட்கார்ந்துகொண்டார். விதவைகளில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். வருஷக்கணக்கில் இழுத்தது. 1850இல் அவர் இறந்தார், வழக்கு முடியவில்லை. அதைக் கையில் எடுத்தவர் கௌரிவல்லபரின் மகள் காத்தம நாச்சியார்.

வழக்கின் சாரம் சட்டம் தெரியாதவருக்கும் விளங்கக்கூடியது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் பாட்டன் சொத்தை அனுபவித்தால் அது செத்த பின் மிச்சமுள்ள ஆண்பங்காளிகளுக்குப் போகும். சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால் மகனில்லாதபோது மனைவிக்கு, அப்புறம் மகளுக்கு. அப்படியானால் கும்பெனி சன்னது கொடுத்துக் கிடைத்த ஜமீன் எது? பாட்டன் சொத்தா, சம்பாத்தியமா? உள்ளூர்க் கோர்ட்டுகளும் அன்றைய மேல்கோர்ட்டான சென்னை சதர் அதாலத்தும் நாச்சியார் பக்கம் நிற்கவில்லை. அவர் விடவில்லை, அன்றைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். கோஷாவில், திரைமறைவில் இருக்கும் ராணி, வக்கீலை நேரே பார்க்க முடியாதவர், கப்பலில் மாதக்கணக்கில் போய்வரும் கட்டுக்களை வைத்துக்கொண்டு நடத்திய வழக்கு. அந்தக் காலத்து ஜமீன் வழக்குகள் கடனில்தான் ஓடின. ராமநாதபுரமும் சிவகங்கையும் வாங்கிய கடனில் எங்கள் ஊர் லேவாதேவிக்காரர்களின் பங்கு சின்னது அல்ல. இங்கே உள்ள முகப்புத் தேக்குத் தூண் சிலவற்றில் அரண்மனை வட்டி கலந்திருக்கிறது என்று ஒத்துக்கொள்வதில் தப்பில்லை.

1863இல் தீர்ப்பு வந்தது. சன்னதால் வந்த ஜமீன் கௌரிவல்லபரின் தனிச் சம்பாத்தியம், குடும்பம் பிரியாமல் இருந்தாலும் அது அண்ணன் மகனுக்குப் போகாது, மனைவிக்கும் மகளுக்கும்தான் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. 34 வருஷம் வேறொரு கிளை ஆண்ட அரண்மனைக்குக் காத்தம நாச்சியார் ராணியாக வந்தார். 1877இல் இறக்கும்வரை ஜமீன் அவர் கையில் இருந்தது. கடனும் வழக்கும் அவரை விட்டபாடில்லை. இறந்த பிறகு கௌரிவல்லபரின் மகள் வயிற்றுப் பேரன்மார் மறுபடி கோர்ட்டில் நின்றார்கள். அது வேறு கதை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குச் சொத்துரிமை வந்துவிட்டது என்று இந்தத் தீர்ப்பை வைத்து யாராவது மேடையில் முழங்கினால் நம்ப வேண்டாம். தகப்பன் தேடிய சொத்துக்கும் மகனில்லாத வீட்டுக்கும் மட்டும் பொருந்திய தீர்ப்பு அது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று. அதுவும் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு 2005 வரை கிடையாது. எங்கள் வளவில் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆச்சி, அந்தப் பக்கம் ஒரு ஆச்சி, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு விதமான கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆண்டு விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெண் மூன்றாவது காட்சியில் ராணியின் விரலை விட்டுவிட்டுத் தலையில் நழுவிய சுட்டியைச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் ஓரத்திலிருந்து கையைக் காட்டவும் மறுபடி பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அண்ணன் மகன், மதுரையில் சட்டம் படிப்பவன். அவனிடம் காத்தம நாச்சியாரைத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாமல் என்ன, இந்து லாவில் வரும், ரெஸ் ஜுடிகேட்டாவிலும் வரும். கட்டாமா நட்சியார் கேஸ்" என்றான். விதவை ஒழுங்காக நடத்தித் தோற்ற வழக்கு அவளுக்குப் பின்வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற விதி அந்தத் தீர்ப்பிலிருந்துதான் வந்தது, பரீட்சைக்கு அடிக்கடி கேட்பார்கள் என்று விளக்கினான். எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன். யோசித்தான். "வடக்கே எங்கேயோ இருக்கும் அயித்தை" என்றான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த அரண்மனைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.